தொலைத் தரவுத்தளங்களுக்கு இடையே மெதுவாக ஓடும் குவெரியைத் தடம் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரே சர்வருக்குள் ஓடும் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) மெதுவானால், அதன் பிளானை, அதாவது சர்வர் அதைச் செய்யும் படிகளின் திட்டத்தை, எடுத்துப் பார்த்து, நேரம் எங்கே போகிறது என்று அங்கேயே கண்டுகொள்ளலாம். அதே குவெரி, ஆரக்கிளின் டேட்டாபேஸ் லிங்க், எஸ்க்யூஎல் சர்வரின் லிங்க்டு சர்வர், போஸ்ட்கிரெஸ்ஸின் ஃபாரின் டேபிள் என ஏதோ ஒரு வழியாக இன்னொரு சர்வரிலுள்ள டேபிளைத் தொடும்போது நிலைமை மாறிவிடுகிறது. நேரம் மூன்று இடங்களில் செலவாகலாம்: குவெரி தொடங்கிய உள்ளூர் சர்வரில், தொலைவிலுள்ள சர்வரில், இரண்டுக்கும் நடுவிலுள்ள நெட்வொர்க்கில். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

வழக்கமாக நடப்பது இதுதான். உள்ளூர் சர்வரைக் கவனிப்பவர், தம் செஷன் (குவெரியை ஓட்டும் இணைப்பு) தொலைச் சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதைக் காட்டி, கோளாறு அந்தப் பக்கம் என்கிறார். தொலைச் சர்வரைக் கவனிப்பவரோ, தம் ஸ்லோ குவெரி லாகில் (குறித்த வரம்பைவிட நீண்ட குவெரிகளின் பதிவேட்டில்) ஒரு வரிகூட விழவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அரை மில்லிவினாடியில் முடிகிற ஒரு சிறு குவெரி 30,000 முறை அழைக்கப்பட்டால், தொலைச் சர்வரின் லாக் அதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வோர் அழைப்புக்கும் நெட்வொர்க்கில் போய்வர 4 மில்லிவினாடி ஆகிறது என்றால் மொத்தம் 135 வினாடி ஆகிவிடும். அதில் தொலைச் சர்வர் உழைத்தது 15 வினாடி, மீதி 120 வினாடியும் போக்குவரத்தில் கழிந்தது. ஆகவே இண்டெக்ஸ் சேர்ப்பதற்கும் சர்வரின் நினைவகத்தைக் கூட்டுவதற்கும் முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: தொலைச் சர்வருக்கு உண்மையில் என்ன குவெரி போனது, அது எத்தனை முறை போனது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளது.

படி 1: அளவெடுப்பதற்கு முன்

மெதுவாக இருந்த அதே மதிப்புகளுடன் குவெரியை மீண்டும் ஓட்ட முடிய வேண்டும். பைண்ட் மதிப்பு (ஓட்டும்போது குவெரிக்குள் இடப்படும் மதிப்பு) மாறினால் பிளானும் மாறலாம் என்பதால், அப்ளிகேஷன் அனுப்பிய மதிப்புகளை லாகிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்த வேண்டும். குவெரியை ஓட்டும் கருவி முதல் சில நூறு பதிவுகளை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அப்ளிகேஷன் 4 லட்சம் பதிவுகளையும் இழுக்கிறது, நாம் முதல் 50 பதிவுகளைப் பார்த்துவிட்டு வேகமாகத்தான் இருக்கிறது என்று எண்ணுகிறோம் என்றால் அந்த அளவீட்டால் பயனில்லை.

இரண்டு சர்வர்களின் கடிகாரமும் என்டிபி (கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக ஒத்திசைந்திருக்க வேண்டும். லாகில் பதியும் நேர மண்டலம் இரண்டிலும் ஒன்றா என்பதையும் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு இரண்டு பக்கத்து லாகுகளையும் அருகருகே வைக்கும்போது ஒரு வினாடி வித்தியாசம்கூடத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

படி 2: தொலைச் சர்வருக்குப் போன வாசகத்தை எடுத்தல்

நாம் எழுதிய குவெரி அப்படியே மறுமுனைக்குப் போவதில்லை. உள்ளூர் ஆப்டிமைசர் (பிளானை வகுக்கும் பகுதி) அதை உடைத்து, தொலைச் சர்வர் செய்ய வேண்டியது எது, தான் செய்ய வேண்டியது எது என்று பிரிக்கிறது. அந்தப் பிரிவினை தவறும் இடத்தில்தான் பெரும்பாலான தாமதங்கள் பிறக்கின்றன.

ஆரக்கிளில், குவெரியை கேதர்_பிளான்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹிண்ட் (குவெரிக்குள் எழுதும் குறிப்பு) சேர்த்து ஓட்டி, டிபிஎம்எஸ்_எக்ஸ்பிளான் வழியாகப் பிளானை எடுக்க வேண்டும். பிளானில் ‘ரிமோட்’ என்ற ஆபரேஷன் வரும் ஒவ்வோர் இடத்துக்கும், கீழே ‘ரிமோட் எஸ்க்யூஎல் இன்ஃபர்மேஷன்’ என்ற பகுதியில் அனுப்பப்பட்ட வாசகம் இருக்கும். அந்த வாசகத்தின் பதிவுகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையில் ‘:1’ என்று ஒரு பைண்ட் தென்பட்டால் உடனே ‘ஸ்டார்ட்ஸ்’ என்ற புலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள எண்தான் அந்தச் சிறு குவெரி எத்தனை முறை போய்வந்தது என்பதைச் சொல்கிறது. முழுக் குவெரியும் தொலைச் சர்வருக்கே போய்விட்டால் பிளானை அங்கேதான் தேட வேண்டும். அங்கே டேபிள்களுக்கு ஏ1, ஏ2 என்ற மாற்றுப்பெயர்கள் வந்திருக்கும் என்பதால், நாம் எழுதிய வாசகத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது.

எஸ்க்யூஎல் சர்வரில் உண்மையான எக்ஸிகியூஷன் பிளானை எடுத்து, ‘ரிமோட் குவெரி’ என்ற ஆபரேட்டரின் பண்புகளைத் திறந்தால் அனுப்பப்பட்ட வாசகம் தெரியும். இங்கே ஆரக்கிளின் ‘:1’ இருந்த இடத்தில் ‘?’ நிற்கும். அந்த ஆபரேட்டர் நெஸ்டட் லூப்ஸுக்குக் (ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபக்கத்தில் தேடும் முறை) கீழே இருந்து, அதன் எக்ஸிகியூஷன் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தால் காரணம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. ‘ரிமோட் ஸ்கேன்’ என்று வந்தால், டேபிள் மொத்தமாக இழுக்கப்படுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் எக்ஸ்பிளைன் கட்டளையுடன் அனலைஸ், வெர்போஸ் இரண்டையும் சேர்க்க வேண்டும். வெர்போஸ் இல்லாவிட்டால் ‘ரிமோட் எஸ்க்யூஎல்’ என்ற வரி வெளிவராது. ஃபாரின் ஸ்கேன் வரியில் காட்டப்படும் நேரம் தொலைச் சர்வர் உழைத்த நேரம் மட்டும் அன்று. நெட்வொர்க்கில் காத்திருந்ததும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இதை மறந்துவிட்டு அந்த எண்ணைத் தொலைச் சர்வரின் கணக்கில் எழுதுவதைப் பலமுறை பார்க்க முடிகிறது.

படி 3: மறுமுனையிலுள்ள செஷனை அடையாளம் காணுதல்

குவெரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நம் செஷனுக்காகத் தொலைச் சர்வரில் திறந்திருக்கும் செஷன் எது என்று அறிய வேண்டும். ஆரக்கிளில் இதற்கு நேரடியான வழி உண்டு. டெடிகேட்டட் சர்வர் முறையில் (ஒவ்வொரு செஷனுக்கும் தனி பிராசஸ்), உள்ளூர் வி$பிராசஸ்ஸில் நம் செஷனுக்கு உரிய எஸ்பிஐடி எண் (இயக்க முறைமை தரும் பிராசஸ் எண்), தொலைச் சர்வரின் வி$செஷனில் ‘பிராசஸ்’ என்ற புலத்தில் இருக்கும். ‘மெஷின்’ என்ற புலத்தில் உள்ளூர் சர்வரின் பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஒரே ஒரு செஷன் சிக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இவ்வளவு துல்லியம் இல்லை. தொலைச் சர்வரின் செஷன் பட்டியலில் ஹோஸ்ட் பெயரும் ஹோஸ்ட் பிராசஸ் எண்ணும் இருந்தாலும், அந்த எண் உள்ளூர் சர்வரின் மொத்த பிராசஸ்ஸுக்கும் உரியது. ஒரே இன்ஸ்டன்ஸிலிருந்து வரும் எல்லா லிங்க்டு சர்வர் செஷன்களும் அதே எண்ணைக் காட்டும். ஆகவே படி 2-இல் எடுத்த வாசகத்தையும் தொடங்கிய நேரத்தையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில், தனியாக எதுவும் அமைக்காவிட்டால் எல்லா இணைப்புகளும், ஃபாரின் டேபிள்களைக் கையாளும் நீட்சியின் பெயரான ‘போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ’ (இனி எஃப்டிடபிள்யூ) என்ற ஒரே அப்ளிகேஷன் பெயருடன் நிற்கும். இதற்கான தீர்வு கடைசிப் படியில் வருகிறது.

படி 4: இரு பக்கமும் ஒரே நேரத்தில் பார்த்தல்

என் கருத்தில் இந்த வேலையின் இதயம் இந்தப் படிதான். உள்ளூர் செஷனையும் தொலைச் செஷனையும் வினாடிக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் வரை தொடர்ந்து மாதிரி எடுத்து, இரண்டும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஆரக்கிளில் செஷன்களின் செயல்பாட்டைத் தானாகப் பதிந்துவைக்கும் ஏஎஸ்ஹெச் வரலாற்றைப் பயன்படுத்த டயக்னாஸ்டிக்ஸ் பேக் உரிமம் தேவை. அது இல்லாதவர்கள் வி$செஷனை ஒரு சிறு ஸ்கிரிப்ட்டால் வினாடிக்கு ஒரு முறை படித்தாலே போதும்.

ஆரக்கிளில் உள்ளூர் செஷன் ‘எஸ்க்யூஎல்*நெட் மெசேஜ் ஃப்ரம் டிபிலிங்க்’ என்ற காத்திருப்பில் இருக்கும்போது, தொலைச் செஷன் சிபியுவிலோ டிஸ்க் வாசிப்பிலோ இருந்தால், உழைப்பு அங்கே நடக்கிறது. உள்ளூர் செஷன் சிபியுவில் இருக்க, தொலைச் செஷன் ‘எஸ்க்யூஎல்*நெட் மெசேஜ் ஃப்ரம் கிளையண்ட்’ என்று நின்றால், உள்ளூர் சர்வர்தான் நேரம் எடுத்துக்கொள்கிறது. தொலைச் சர்வரின் பார்வையில் உள்ளூர் சர்வரே அதன் கிளையண்ட். மூன்றாவது நிலைதான் அடிக்கடி கண்ணில் படாமல் போவது: உள்ளூர் செஷன் டிபிலிங்க்குக்காகக் காத்திருக்கிறது, அதே கணத்தில் தொலைச் செஷன் கிளையண்ட்டுக்காகக் காத்திருக்கிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால், நேரம் போக்குவரத்தில் போகிறது என்றே பொருள். ‘ஃப்ரம் கிளையண்ட்’ என்பதை ஆரக்கிள் ஐடில் வகையில் சேர்ப்பதால், தொலைச் சர்வரைக் கண்காணிக்கும் பெரும்பாலான அறிக்கைகள் இதை வடிகட்டி எறிந்துவிடும். அங்கே உள்ளவருக்குத் தம் சர்வர் சும்மா இருப்பதாகத் தெரிவது இதனால்தான்.

போஸ்ட்கிரெஸ்ஸிலும் இதே தர்க்கம் பொருந்தும். தொலைச் சர்வரின் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் நம் செஷன் ‘ஆக்டிவ்’ என்று இருந்தால் அது உழைக்கிறது. ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ என்று, கடைசிக் குவெரியாக ‘ஃபெட்ச் 100 ஃப்ரம் சி1’ என்பதைக் காட்டிக்கொண்டு நின்றால், அடுத்த 100 பதிவுகளை யாராவது கேட்கட்டும் என்று அது காத்திருக்கிறது. உள்ளூர் பக்கத்தில், 17-ஆம் பதிப்பு முதல் ‘போஸ்ட்கிரெஸ்எஃப்டிடபிள்யூகெட்ரிசல்ட்’ என்று காத்திருப்புக்குத் தனிப் பெயர் உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் வெறுமனே ‘எக்ஸ்டென்ஷன்’ என்று வரும். எஸ்க்யூஎல் சர்வரில் உள்ளூர் பக்கம் ‘ஓஎல்இடிபி’ காத்திருப்பும், தொலைப் பக்கம் ‘அசிங்க்_நெட்வொர்க்_ஐஓ’வும் சேர்ந்து தெரிந்தால், தொலைச் சர்வர் தரத் தயாராக இருந்தும் எடுத்துக்கொள்வதில் தாமதம் இருக்கிறது. ஓஎல்இடிபி காத்திருப்பு லிங்க்டு சர்வருக்கு மட்டுமே உரியது அன்று. டிபிசிசி செக்டிபி (தரவுத்தளம் பழுதின்றி இருக்கிறதா என்ற சோதனை) போன்ற உள்வேலைகளும் அதை உண்டாக்கும் என்பதால், செஷனைப் பார்க்காமல் மொத்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

60 மாதிரிகளில் 10 தொலைச் சர்வரின் உழைப்பு, 5 உள்ளூர் உழைப்பு, 45 இருவரும் காத்திருந்தவை என்று வந்தால், அந்தக் குவெரிக்கு எந்தச் சர்வரிலும் இண்டெக்ஸ் சேர்த்துப் பெரிய பலன் இல்லை.

படி 5: தொலைச் சர்வரில் தனியாக ஓட்டிப் பார்த்தல்

படி 2-இல் எடுத்த வாசகத்தை, லிங்க் பயன்படுத்தும் அதே பயனர் பெயரில் தொலைச் சர்வரில் நேரடியாக ஓட்ட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் அது மிகவும் முக்கியம். எஃப்டிடபிள்யூ குவெரியை நேரடியாக ஓட்டுவதில்லை. ‘டிக்ளேர் சி1 கர்சர் ஃபார்’ என்று கர்சர் (விடையைத் தொகுதி தொகுதியாக எடுக்கும் வழி) திறந்து, பிறகு ஃபெட்ச் செய்கிறது. கர்சருக்கான பிளானை வகுக்கும்போது, கர்சர்_டியூப்பிள்_ஃபிராக்ஷன் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பான 0.1-ஐ வைத்து, முதல் 10 விழுக்காடு பதிவுகள் விரைவாகக் கிடைத்தால் போதும் என்று ஆப்டிமைசர் கருதுகிறது. அதனால் கையால் ஓட்டும்போது ஹாஷ் ஜாயினுடன் (இரு டேபிள்களை மொத்தமாக இணைக்கும் முறை) வேகமாக முடியும் குவெரி, கர்சர் வழியாக நெஸ்டட் லூப்பில் ஊர்ந்துகொண்டிருக்கலாம். எனவே எக்ஸ்பிளைன் கட்டளையை டிக்ளேர் கர்சர் வாசகத்தின் மேலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதே கர்சர்தான் ஸ்லோ குவெரி லாகையும் ஏமாற்றுகிறது. டிக்ளேர் நொடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஃபெட்ச்சும் வரம்புக்குக் கீழேயே இருக்கும். லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மெண்ட் அவற்றைத் தனித்தனியாக அளப்பதால் எதுவும் பதிவாகாது. ஆட்டோ_எக்ஸ்பிளைன் என்ற நீட்சி அப்படியன்று, கர்சர் மூடப்படும் தருணத்தில், எல்லா ஃபெட்ச்களிலும் எக்ஸிகியூட்டர் உழைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, உண்மையில் ஓடிய பிளானையும் லாகில் எழுதும். லிங்க் பயன்படுத்தும் ரோலுக்கு மட்டும் அதை இயக்கிவைத்தால் மற்றவர்களுக்குச் சுமை இல்லை.

தொலைச் சர்வரின் பிளானிலும் ஒரு ‘ரிமோட்’ வரி தென்பட்டால் வியப்படைய வேண்டாம். நாம் டேபிள் என்று நினைத்தது அங்கே ஒரு வியூவாகவோ (பெயரிட்டுச் சேமித்த குவெரி) சினானிமாகவோ (மாற்றுப்பெயர்) இருந்து, மூன்றாவது சர்வரைச் சுட்டலாம். அப்போது படி 2 முதல் அந்தச் சர்வருக்கும் மீண்டும் தொடங்க வேண்டும்.

படி 6: காரணத்துக்கு ஏற்ற திருத்தம்

வடிகட்டல் தொலைச் சர்வருக்குப் போகாமல் உள்ளூரிலேயே தங்கிவிடுவது மிகப் பொதுவான காரணம். ரிமோட் எஸ்க்யூஎல்லில் நம் நிபந்தனை இல்லையென்றால் டேபிள் முழுவதும் இங்கே வந்து, இங்கேதான் கழிக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ‘நவ்’ ஃபங்ஷனுடன் ஒப்பிடும் நிபந்தனை அனுப்பப்படுவதில்லை. இரு சர்வர்களின் கடிகாரமும் வேறுபட்டால் விடை மாறிவிடும் என்ற எச்சரிக்கையே காரணம். அப்ளிகேஷன் அந்த நேரத்தை முன்பே கணக்கிட்டு ஒரு மதிப்பாகத் தந்தால் நிபந்தனை அனுப்பப்பட்டுவிடும். ஆரக்கிளில் உள்ளூர் சர்வரில் மட்டும் இருக்கும் பிஎல்/எஸ்க்யூஎல் ஃபங்ஷனை வேர் நிபந்தனையில் வைத்தால் இதே கதைதான். எஸ்க்யூஎல் சர்வரில், லிங்க்டு சர்வரின் ‘கொலேஷன் கம்பாட்டிபிள்’ அமைப்பு (எழுத்துகளை ஒப்பிடும் விதியான கொலேஷன் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று சொல்வது) ஃபால்ஸ் என்று இருந்தால், எழுத்துப் புலங்களின் ஒப்பீட்டை அது உள்ளூரிலேயே செய்யும். இரு பக்கத்துக் கொலேஷனும் உண்மையாகவே ஒன்று என்று உறுதி செய்த பிறகே அதை ட்ரூ ஆக்க வேண்டும். தவறாக மாற்றினால் குவெரி வேகமாக ஓடித் தவறான விடையைத் தரும்.

அடுத்தது ஜாயின் எங்கே நடக்கிறது என்பது. உள்ளூரில் 300 பதிவுகளும் தொலைவில் 50 லட்சம் பதிவுகளும் இருந்தால், சிறியதைத் தொலைவுக்கு அனுப்புவதே முறை. ஆரக்கிளில் டிரைவிங்_சைட் ஹிண்ட் இதைச் செய்யும். ஆனால் இன்சர்ட் செலக்ட், கிரியேட் டேபிள் அஸ் செலக்ட் இரண்டிலும் அந்த ஹிண்ட் பலிப்பதில்லை. எழுதப்படும் டேபிள் இருக்கும் இடமே ஓட்டும் இடமாகிவிடுகிறது. அதாவது செலக்ட்டாக வேகமாக ஓடிய குவெரிக்கு முன்னால் இன்சர்ட் சேர்த்ததும் அது மெதுவாகிவிடும். தொலைச் சர்வரில் ஜாயினை ஒரு வியூவாக எழுதிவைப்பது இங்கே உதவும். எஸ்க்யூஎல் சர்வரில் ஓபன்குவெரி வழியாக முழு வாசகத்தையும் மறுமுனைக்கே அனுப்பலாம். அது மாறிகளை ஏற்காது என்பதால், மதிப்புகள் மாறும் குவெரிக்கு ‘எக்ஸிகியூட் அட்’ பொருத்தமானது.

புள்ளிவிவரம் இல்லாமை மூன்றாவது. போஸ்ட்கிரெஸ்ஸின் ஆட்டோவேக்கியூம் (தானாக ஓடும் பராமரிப்பு வேலை) ஃபாரின் டேபிளை அனலைஸ் செய்வதே, அதாவது அதன் புள்ளிவிவரத்தைச் சேகரிப்பதே, இல்லை. அதை நாமே குறித்த இடைவெளியில் ஓட்ட வேண்டும். யூஸ்_ரிமோட்_எஸ்டிமேட் இயல்பாக அணைந்தே இருக்கும். அது அணைந்திருக்கும்வரை, ஜாயின் மதிப்பை ஒவ்வொன்றாக அனுப்பித் தேடும் வழியை எஃப்டிடபிள்யூ பரிசீலிப்பதே இல்லை என்பதால், 5 பதிவுகளுக்காக முழு டேபிளும் இழுக்கப்படலாம். அதை இயக்கினால், பிளான் வகுக்கும்போதே தொலைச் சர்வரில் எக்ஸ்பிளைன் ஓடும். பிளானிங் நேரம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் அளந்துகொள்ள வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 2012 எஸ்பி1-க்கு முந்தைய பதிப்புகளில், லிங்க் பயன்படுத்தும் லாகினுக்கு டிடிஎல் அட்மின் போன்ற உயர் உரிமை இல்லாவிட்டால் தொலைப் புள்ளிவிவரத்தைப் படிக்கவே முடியாது. பழைய சர்வர்கள் இன்னும் ஓடும் இடங்களில் இதை முதலில் சரிபார்ப்பது நல்லது.

பதிவுகள் உண்மையாகவே நிறைய வர வேண்டியிருந்தால், ஒரு தடவைக்கு எத்தனை என்பதே கணக்கு. எஃப்டிடபிள்யூவின் ஃபெட்ச்_சைஸ் இயல்பாக 100. போய்வர 20 மில்லிவினாடி ஆகும் நெட்வொர்க்கில் 4 லட்சம் பதிவுகளுக்கு 4,000 பயணம், அதாவது 80 வினாடி. அதை 5,000 ஆக்கினால் 80 பயணம், 1.6 வினாடி. பதிவுகள் அகலமாக இருந்தால் நினைவகமும் அதற்கேற்பக் கூடும் என்பதால், சர்வர் முழுமைக்கும் மாற்றாமல் அந்த ஃபாரின் டேபிளுக்கு மட்டும் மாற்றுவதே சரி.

படி 7: பூட்டும் காலவரம்பும்

தாமதம் ஒரு முழு எண்ணில் வந்து நின்றால் அது பெரும்பாலும் ஒரு காலவரம்பு. ஆரக்கிளில் 60 வினாடி காத்திருந்து ஓஆர்ஏ-02049 என்ற பிழை வந்தால், டிஸ்ட்ரிபியூட்டட்_லாக்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அதுவே. தொலைச் சர்வரில் யாரோ பூட்டைப் பிடித்திருக்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் 10 நிமிடத்தில் அறுந்தால், ரிமோட் குவெரி டைம்அவுட்டின் இயல்பு மதிப்பான 600 வினாடியைச் சந்தேகிக்க வேண்டும், நெட்வொர்க்கை அன்று.

லிங்க் வழியாக வெறும் செலக்ட் ஓட்டினாலும் ஆரக்கிள் ஒரு டிரான்ஸாக்ஷனைத் திறக்கிறது. கமிட்டோ ரோல்பேக்கோ செய்யும்வரை அது முடிவதில்லை, தொலைச் செஷனோ உள்ளூர் செஷன் இருக்கும்வரை நிலைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் தொலைப் பக்கத்து டிரான்ஸாக்ஷன் குறைந்தது ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் (தொடக்கத்தில் கண்ட தரவையே கடைசிவரை காட்டும் நிலை) திறக்கப்பட்டு, உள்ளூர் டிரான்ஸாக்ஷன் முடியும்வரை நிற்கிறது. அப்ளிகேஷன் கமிட் செய்ய மறந்தால், தொலைச் சர்வரில் வேக்கியூம் பழைய பதிவுகளை அகற்ற முடியாமல் டேபிள் பருத்து, சில நாட்களில் சம்பந்தமே இல்லாத குவெரிகளும் மெதுவாகும்.

படி 8: அடுத்த முறைக்கான அடையாளம்

திருத்திய பின் படி 4-இன் மாதிரிகளை அதே மதிப்புகளுடன் மீண்டும் எடுத்து, மூன்று பங்குகளில் எது குறைந்தது என்று ஒப்பிட வேண்டும். மொத்த நேரம் குறைந்து, நாம் தொடாத பங்கு குறைந்திருந்தால், திருத்தம் காரணமாக அன்றி கேஷ் (முந்தைய ஓட்டத்தால் நினைவகத்தில் தங்கிய தரவு) காரணமாக வேகம் வந்திருக்கலாம்.

பிறகு, மறுமுனைச் செஷனைத் தேடும் வேலையை நிரந்தரமாக எளிதாக்கிவிடலாம். போஸ்ட்கிரெஸ் 15 முதல், எஃப்டிடபிள்யூவுக்கு உரிய அப்ளிகேஷன் பெயர் அமைப்பில் ‘%p’ என்ற குறியை இட்டால், உள்ளூர் பிராசஸ் எண் தொலைச் சர்வரின் லாகிலும் செஷன் பட்டியலிலும் தெரியும். ஆரக்கிளில், லிங்க் வழியாக அழைக்கப்படும் பிரொசீஜர் அதே தொலைச் செஷனுக்குள்தான் ஓடும் என்பதால், குவெரிக்கு முன்பாக டிபிஎம்எஸ்_அப்ளிகேஷன்_இன்ஃபோவை லிங்க்கின் பெயருடன் அழைத்து, வேலையின் பெயரை மாட்யூலாகப் பதிக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் ஒவ்வோர் அப்ளிகேஷனுக்கும் லிங்க்டு சர்வரில் தனித் தொலை லாகினை ஒதுக்கினால், செஷன் பட்டியலில் லாகின் பெயரை வைத்தே யாருடைய குவெரி என்று சொல்லிவிட முடியும்.